நிலாவும் அதே தூரம்தான்

1994 நவம்பர் 24, வியாழக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்குக் கோழிக் கொட்டகையின் கதவைத் திறந்தபோது இளஞ்சூடான காற்று முகத்தில் வந்து படிந்தது. அதில் தேங்காய் நார்த்தூளின் வாசனையும், மாவாக அரைத்த மக்காச்சோளத் தீவனத்தின் வாசனையும், வந்து ஐந்தாவது நாளான ஆயிரம் குஞ்சுகளின் பொடி வாசனையும் கலந்திருந்தன. அன்றைய வேலைகள் எல்லா நாளையும் போலவே தொடங்கின. இரவில் செத்ததை எண்ணி, கதவுக்குப் பின்னால் தொங்கிய அட்டையில் எழுதினேன்: ஒன்று. தண்ணீர்க் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு அம்மாவின் தையல் டேப்பை எடுத்து, பல்புகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றன என்று அளந்தேன். பதினான்கு அங்குலம். அதையும் எழுதினேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அம்மா ஒன்பது வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கும் "ஓவர்லாக்" டெய்லராக இருந்தவர். பல்லடத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றே கழித்த அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு ஐம்பது அடியில் சிமெண்ட் அட்டை வேய்ந்த கொட்டகை ஒன்று போட்டிருந்தார். குஞ்சும் தீவனமும் மருந்தும் கோழிக் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் நம்முடையவை. ஆறு வாரத்தில் வளர்ந்த கோழியை அவர்களே வந்து ஏற்றிக்கொள்வார்கள். இதற்கு ஒரு "பேட்ச்" என்று பெயர். ஆனால் முதல் பேட்சுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் ஏழு நாளில் ஆயிரத்துக்கு ஐம்பதுக்கு மேல் செத்தால் அந்தக் கொட்டகைக்கு இரண்டாவது பேட்ச் கிடையாது. அம்மா உட்கார்ந்திருந்த மெஷினில் பனியன் கம்பெனி ஏற்கெனவே வேறு ஆளை உட்காரவைத்துவிட்டது. திரும்பிப் போக இடமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் தாய்க்கோழியின் சூடு வேண்டும். அதற்காகத் தரையில் தகட்டை வட்டமாக நிறுத்தி, நடுவில் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதனுள் ஆறு பல்புகளை எரியவிடுவோம். எங்களிடம் அப்படி இரண்டு வட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு குஞ்சுகள். வெப்பமானி இருந்தது, ஆனால் அது தேவைப்படவில்லை, ஏனென்றால் குஞ்சுகளே வெப்பமானி. குளிர் அதிகமானால் பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கும். சூடு அதிகமானால் தகட்டு விளிம்புக்கு ஓடி வாயைப் பிளந்து நிற்கும். இரண்டும் இல்லாதபோது பல்புக்கு மிக அருகிலும் இல்லாமல் மிகத் தள்ளியும் இல்லாமல், கோலம் போட்டதுபோல ஒரு மஞ்சள் வளையமாக உட்கார்ந்துவிடும்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் அறிவியல் வகுப்பில் சுசீலா டீச்சர், பூமியில் மட்டும் உயிர் இருப்பதற்குக் காரணம் அது சூரியனிலிருந்து சரியான தூரத்தில் இருப்பதுதான் என்று நடத்தியிருந்தார். வெள்ளி மிக அருகில், அதனால் தீய்கிறது, செவ்வாய் மிகத் தூரத்தில், அதனால் உறைகிறது, நடுவில் நாம். பலகையில் அவர் போட்ட வட்டங்களைப் பார்த்ததும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சூரியன் எரிகிறதே என்று எனக்குச் சட்டென்று பட்டது. அன்று முதல் நான் டேப்போடும் ஒரு நோட்டோடும்தான் கொட்டகைக்குள் போனேன். வாரத்தில் மூன்று நாள் மொபெட்டில் வந்துபோகும் கம்பெனி சூப்பர்வைசருக்கு இருபத்து நான்கு வயது இருக்கும், அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்முணி, குஞ்சுக்குப் பனியன் தைக்கப் போறீங்களா, அளவெடுத்துட்டு இருக்கறீங்க?" என்று கேட்டார். "முப்பத்தாறு சைசுங்க," என்றேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவங்ககிட்ட வாயாடாத சாமி," என்றார்.

கொட்டகையின் நீளப் பக்கங்கள் இரண்டிலும் இடுப்பளவு சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும்தான். வாடைக்காற்றும் சாரலும் உள்ளே வராமல் இருக்க வலைக்கு வெளியே "படுதா" கட்டுவார்கள். மற்ற கொட்டகைகளில் உரச்சாக்கைப் பிரித்து ஏனோதானோவென்று தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டையும் இடைவெளியுமாகக் கிடக்கும். எங்கள் படுதா அப்படியில்லை. அம்மா கழிவாக வந்த பனியன் துணியை எடைக்கு வாங்கி வந்து, சாக்கின்மேல் இரண்டு அடுக்காக வைத்து, மேலும் கீழும் ஓரம் மடித்து, கூரையோடும் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும்படி அளவெடுத்துத் தைத்திருந்தார். ஒரு விரல் நுழையாது. பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட, "கொட்டகைக்கே பனியன் போட்டு உட்டுட்டீங்களே," என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அதில் பெருமைதான். எனக்கும்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. எட்டு மணிக்குப் பள்ளி விடுமுறை என்று தெரிந்தது. ஒன்பதேகாலுக்குக் கரண்ட் போனது.

இதற்கு அம்மா தயாராகத்தான் இருந்தார். சிரட்டைக் கரியை இரண்டு இரும்புச் சட்டிகளில் வாசலிலேயே மூட்டி, புகையெல்லாம் அடங்கிக் கரி செக்கச்சிவக்கக் கனன்றபின், ஓட்டை போட்ட தகர மூடியால் மூடி, வட்டத்துக்கு ஒன்றாக நடுவில் கொண்டுபோய் வைத்தார். பனியன் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்ட கை. ஒரு துளி புகை உள்ளே வரவில்லை. படுதாவை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினார். "நீ இங்கயே உக்காந்து பாரு கண்ணு. குஞ்சு கொஞ்சம் மாறி உக்காந்தாலும் எனக்குக் கொரலு குடு. நான் சோத்தை வடிச்சுட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அப்பா விசைத்தறிக் கூடத்தில் பகல் ஷிப்டில் இருந்தார்.

குஞ்சுகள் மாறி உட்காரவில்லை. சற்று நேரத்தில் இரண்டு சட்டிகளையும் சுற்றி இரண்டு வளையங்கள் அமைந்தன. நான் டேப்பை வைத்துப் பார்த்தேன். சட்டியிலிருந்து உள்விளிம்பு இருபது அங்குலம், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. நோட்டில் "பத்து மணி, தூரம் சரி" என்று எழுதினேன். பத்தரைக்கு மறுபடி அளந்து "சரி" என்று எழுதினேன். வெளியே மழையில் படுதா நனைந்து கனத்து, வலையோடு தோல்போல ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின் சாரல் சத்தமும் உள்ளே கேட்கவில்லை. கதகதப்பாக இருந்தது. தலை வலித்தது, நனைந்த முடியைத் துவட்டாததால் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு எழுதியதை இன்றைக்கும் என்னால் கூச்சமில்லாமல் படிக்க முடிவதில்லை: "தூரம் சரி. எல்லாம் தூங்குகின்றன."

சூப்பர்வைசர் மழைக்கோட்டோடு கதவைத் திறந்து ஓர் அடி உள்ளே வைத்தவர், அப்படியே நின்றார். குஞ்சுகளைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, "அம்முணி, எந்திரிச்சு வெளிய வா. நோட்டை உடு, மொதல்ல வா," என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்து மழையில் நிறுத்தினார். நான் வாசலிலேயே வாந்தியெடுத்தேன். அவர் உள்ளே போய்ச் சட்டிகளை வெளியே தள்ளி, ஒரு பக்கப் படுதாவின் கயிறுகளை அரிவாளால் வெட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா ஓடிவந்தார்.

"என்னங்க பண்றீங்க? வாடை பூந்துருமுங்க. குஞ்சு வெறைச்சுப் போயிருமுங்க."

"வெறைச்சா நாலு போகும்ங்க்கா. இப்படி அடைச்சு வெச்சீங்கன்னா அத்தனையும் போயிரும்."

"பொகை துளி இல்லீங்களே. நல்லாக் கனிய உட்டுத்தான் வெச்சேன்."

"பொகை கண்ணுக்குத் தெரியுமுங்க, அது பரவால்ல. கரி உடற விஷக்காத்து தெரியாது. கரி மூச்சைத் தின்னுதான் எரியும். பாருங்க, பாப்பாவைப் பாருங்க."

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் வாயைத் தன் முந்தானையால் துடைத்தார்.

காற்று உள்ளே வந்த கால்மணி நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, தள்ளாடி எழுந்து, கத்தத் தொடங்கின. "குஞ்சு இருக்கற எடத்துல சத்தம் இருக்கோணும்ங்க்கா. பேசாம இருந்தா அது தூக்கமில்ல," என்றார் சூப்பர்வைசர். எழாதவற்றைக் கூடையில் பொறுக்கினோம். முப்பத்தெட்டு. காலைவரை எட்டு. அட்டையில் அவர் முன்னாலேயே நாற்பத்தாறு என்று எழுதினேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி, கையில் இருந்தது நான்கு.

கரண்ட் மதியம் இரண்டுக்கு வந்தது. அவர் போனபின் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஈரப் படுதாவின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "ஒம்பது வருசத்துல எம்பட தையல்ல சந்து இருக்குதுன்னு ஒரு பீசு திரும்பி வந்ததில்ல," என்று, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், சொன்னார். பிறகு மேல் ஓரத்தில், கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு, ஐம்பது அடி நீளமும் வெட்டிக்கொண்டே போனார். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்கவில்லை. பிசிறு தொங்கிக்கொண்டேயிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் நான் செய்தது, சுசீலா டீச்சரிடம் எழுந்து நின்று கேட்டதுதான். "டீச்சர், நிலாவும் சூரியனுக்கு அதே தூரத்துலதானுங்க இருக்குது? அங்க ஏனுங்க ஒண்ணுமில்ல?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். "இத்தன வருசமா நானும் தூரம் தூரம்னு நடத்தறேன், ஒருத்தரும் கேட்டதில்ல," என்றார். பிறகு, "அங்க காத்தில்ல கண்ணு," என்று சொல்லி, முந்தின வாரப் பாடத்தைத் திரும்ப நடத்தினார்.

அதற்குப் பின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க அந்தக் கொட்டகை தெளிவாகிக்கொண்டேதான் வந்தது. தூரம் முக்கியம்தான், ஆனால் அது வாசல் மட்டுமே. நிலா நம்மோடு சேர்ந்துதான் சூரியனைச் சுற்றுகிறது. காற்றைப் பிடித்துவைக்கும் எடை அதற்கு இல்லாததால் அங்கே பகல் கொதிக்கிறது, இரவு உறைகிறது. செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறுகள் ஓடியிருக்கின்றன. உடல் சிறியது, உள்ளே கனன்ற சூடு சீக்கிரம் ஆறியது, அதோடு அதன் காந்தக் கவசமும் போய், காற்றுப் போர்வையைச் சூரியக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளியின் கதை எங்கள் கதை. சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கும் புதனைவிட வெள்ளி சூடாக இருக்கிறது, ஏனென்றால் அதன் கரியமிலவாயுப் படுதாவில் சந்து இல்லை. பூமிக்கும் அந்தப் போர்வை இல்லாவிட்டால் கடல்கள் பனியாகிவிடும். ஆனால் நம்முடைய போர்வை வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விட்டுவிடுகிறது. எரிமலைகள் கரியமிலவாயுவைக் கக்க, மழை அதைக் கரைத்துப் பாறையில் சேர்க்க, சூடு ஏறினால் மழை கூடி, சூடு இறங்கினால் மழை குறைந்து, யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு படுதாவை ஏற்றி இறக்குவதுபோலக் கோடிக்கணக்கான வருடங்களாக நடந்துவருகிறது. உயிர் வாழத் தகுதியான கிரகம் என்பது சரியான இடத்தில் போய் உட்கார்ந்த கிரகம் அல்ல. தன் காற்றை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும் கிரகம். இதில் எனக்கு ஐயமே இல்லை.

எங்கள் கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் எட்டு மெஷின் போட்ட தையல் யூனிட் வாடகைக்கு இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டு தைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கோழி வளர்ப்பவர்கள் நான்கு பக்கமும் அடைத்த பெரிய கட்டடங்களில் மின்விசிறி வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். உள்ளே எவ்வளவு காற்று, எவ்வளவு ஈரம் என்று பெட்டி ஒன்று காட்டுகிறது. மூங்கில் கூடையும் சிரட்டைக் கரிச் சட்டியும் எந்தக் கொட்டகையிலும் கிடையாது. அதற்காக நான் வருந்தவில்லை. அந்தப் பெட்டி அன்று எங்களிடம் இருந்திருந்தால் முப்பத்தெட்டு குஞ்சுகள் செத்திருக்காது. வெள்ளியன்று இரண்டு, சனியன்று ஒன்று என்று அந்த வாரம் நாற்பத்தொன்பதில் முடிந்தது. இரண்டாவது பேட்ச் வந்தது. அதற்குப் பின் பதினேழு வருடம் வந்துகொண்டேயிருந்தது. அட்டை கம்பெனிக்குப் போய்விட்டாலும், என் நோட்டு என்னிடம் இருக்கிறது.

அதில் 25, வெள்ளிக்கிழமை என்ற தலைப்பின்கீழ் முதல் வரியாக எந்த எண்ணும் இல்லை, "காற்று சரி" என்றுதான் இருக்கிறது. காலை ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறந்த அம்மா, பின்னால் வந்த என்னைக் கை நீட்டி வாசலிலேயே நிறுத்தினார். முதலில் அவர் மட்டும் உள்ளே போனார். தகட்டைத் தாண்டி, குஞ்சுகள் சத்தம் போட்டுக்கொண்டு விலக, சேலையோடு நார்த்தூளில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அவை நிற்கும் உயரத்திலேயே கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். நூறுவரை எண்ணியிருப்பார். ஒரு குஞ்சு அவர் தோளில் ஏறி நின்றது. பிறகு எழுந்து உட்கார்ந்து, "இப்ப வா கண்ணு," என்றார்.