சத்தம் போடாத பெட்டி

முப்பத்தோரு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தத் தெருவே சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. சிஸ்டருக்கு மூக்கு நுனியில் கோபம். கிறுக்கலாக மருந்து எழுதும் டாக்டரிடம் சீட்டை நீட்டி, "நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்று நின்றவர்.

அவர் பணியில் இருந்த கடைசி வருஷம் ஓர் இளம் இன்ஜினியர் சின்னப் பெட்டி ஒன்றோடு வார்டுக்கு வந்தார். சலைன் பாட்டில் தீரும் முன்பே அது கூவி நர்ஸை அழைக்கும். சிஸ்டர் அவரை ஆறு மாதம் படாத பாடு படுத்தினார். "சொட்டை மட்டும் எண்ணினா போதாது தம்பி, பாட்டிலோட எடையையும் பாக்கணும். ஒண்ணு ஏமாந்தாலும் இன்னொண்ணு காட்டிக் கொடுக்கும்." இன்ஜினியர் பாட்டில் தொங்கும் கொக்கியிலேயே எடை பார்க்கும் வசதியை வைத்தார். பெட்டி ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இன்ஜினியர் அந்தப் பெட்டியை விற்கக் கம்பெனி தொடங்கியபோது, சிஸ்டர் ஓய்வுப் பணத்தில் பாதியைப் பங்காகப் போட்டார். தையல் கடை வைத்திருந்த தங்கையையும் விடவில்லை. கடையைப் பெரிதாக்க அவள் சேர்த்து வைத்திருந்ததை, "நான் சொல்றேன்ல, போடு" என்று போட வைத்தார்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பெரிய கம்பெனி அதேபோல ஒரு பெட்டியைப் பாதி விலைக்கு இறக்கியது. பெரும்பங்கு வைத்திருந்தவர்கள் உடனே விலையைக் குறைக்கச் சொன்னார்கள். இன்ஜினியரை ஓரங்கட்டினார்கள். அடுத்து வந்த தலைவர் எட்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். அதற்கும் அடுத்து வந்தவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சிஸ்டர் அவருக்குச் சிரிச்சமூஞ்சி என்று பேர் வைத்தார். "விலையில் இனி நமக்கு நிகர் யாருமில்லை" என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. விலை எப்படிக் குறைந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அது பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது தெரிந்தது. பார்க்கப் போன சிஸ்டர் வாசலிலேயே உறைந்து நின்றார். பாட்டில் காலி. குழாயில் ரத்தம் ஒரு சாண் ஏறியிருந்தது. கம்பெனியின் புதுப்பெட்டியோ பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருந்தது. குழாயை அடைத்துவிட்டு, நர்ஸை அழைத்துவிட்டு, சிஸ்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். எடை பார்க்கும் கொக்கியே இல்லை. ஜன்னல் வெயில் நேரே பட்டதில் சொட்டை எண்ணும் ஒளிக்கண்ணும் குழம்பி, சொட்டு விழுவதாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா!" என்ற சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தார். நான்கு முறையும் புகார் எண் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பங்குதாரர் கூட்டம். சிஸ்டர் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய புதுப்பெட்டியோடு ஒரு சலைன் ஸ்டாண்டையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போனார். தடுத்த காவலாளியிடம், "நானும் இந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரிதான், தள்ளுப்பா" என்றார்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெயிலில் ஸ்டாண்டை நிறுத்தி, அடியில் வாளி வைத்து, கால் பாகமே மிச்சமிருந்த பாட்டிலில் புதுப்பெட்டியை மாட்டித் திறந்துவிட்டார்.

"அம்மா, இதெல்லாம் அப்புறமா தனியா பேசலாமே?" சிரிச்சமூஞ்சி சிரித்தார்.

"பேச வரல. நீங்க விக்கிற சாமான் பேசுதான்னு பாக்க வந்தேன்."

பாட்டில் மெல்லத் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசிச் சொட்டும் விழுந்தது. பச்சை விளக்கு மினுக்கியபடியே இருந்தது.

"இது பழுதான பீஸா இருக்கும்" என்றார் அவர்.

"அப்போ நல்ல பீஸை நீங்களே எடுத்துட்டு வந்து மாட்டுங்க! ஊசி குத்தின கையிலேர்ந்து ரத்தம் குழாயில ஏறுதுய்யா! கொக்கியைப் பிடுங்கித்தான் விலையைக் குறைச்சீங்களா?"

யாரும் எழவில்லை. மைக்கை அணைத்தார்கள். சிஸ்டரின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ஆனால் தலைவரை மாற்றுவதா என்ற ஓட்டெடுப்பில் பெரும்பங்கு வென்றது, சிரிச்சமூஞ்சி நாற்காலியில் நிலைத்தார்.

அங்கே இருந்த யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவியது. பெட்டிகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. வருஷம் முடிவதற்குள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். சிஸ்டரின் பங்கும் தங்கையின் பங்கும் வெறும் காகிதமாயின.

தங்கை வந்து உட்கார்ந்தாள். "போட்டதும் உன் பேச்சக் கேட்டுத்தான் அக்கா. போனதும் உன் பேச்சாலதான்."

சிஸ்டருக்கு வாய்க்குள் ஆயிரம் பதில். தங்கை சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

சில நாள் கழித்து இன்ஜினியர் போன் செய்தார். "நீங்க செஞ்சது பெரிய விஷயம் சிஸ்டர்."

"நீ செஞ்சது என்ன? வெளிய போன்னு சொன்னதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்ட. கொக்கியை எடுக்கப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். வெளிய பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. மன்னிச்சிருங்க."

"அதை எங்கிட்டச் சொல்லாத. என் தங்கச்சிகிட்டச் சொல்லு." நம்பரைக் கொடுத்துவிட்டுப் பட்டென்று போனை வைத்தார்.

இன்ஜினியரும் சொன்னபடியே தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். தங்கையோ, "பரவாயில்ல தம்பி, விடுங்க" என்றாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து சிஸ்டருக்குத் தங்கை மேலேயும் கோபம்.