உத்தனப்பள்ளியில் கேமராவைக் கீழே வைத்தவர்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தச் சாலை என்றாலே எனக்கு ஒரு இத்தாலிக்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது. அவரைச் சொல்லாமல் வழி சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. கிருஷ்ணகிரியில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் படம் பிடிக்க வந்திருந்தார் சில்வியோ என்ற ஒளிப்பதிவாளர். பெங்களூரில் வேலையில்லாமல் திரிந்த என்னை மொழிபெயர்ப்பாளராக அவரோடு அனுப்பினார்கள். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஜீப் ஓட்டிய கிருஷ்ணப்பாவுக்குக் கன்னடம் மட்டும்தான். அன்று யார் யாரிடம் என்ன சொன்னோம் என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

காலை ஆறு மணிக்குப் பெங்களூரிலிருந்து கிளம்பினோம். ஓசூர் இருபத்தைந்து மைல். இன்று கம்பெனி பஸ்கள் முட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அன்று வெறும் ராகிக் கொல்லை, அதுவும் காய்ந்து கிடந்தது. வழியெல்லாம் சில்வியோ தன் கதையைச் சொன்னார். ஸ்டுடியோவில் பெட்டி தூக்கி ஆரம்பித்தவர். போர்க்காலத்தில் செய்திப்படம் எடுத்தார். பிறகு இடிந்த தெருக்களில், விளக்கே இல்லாமல், நடிக்கத் தெரியாதவர்களை வைத்து ஐந்தாறு படங்கள். அதில் ஒன்றைப் பெங்களூரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் தண்ணீர் தூக்கிக்கொண்டு படியேறுவாள், ஏறிக்கொண்டே இருப்பாள், படம் முடிந்துவிடும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த முகம் மறக்கவும் இல்லை.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு செய்திப்படத்தில் வந்த சவ ஊர்வலமாம். அதற்குப் பிறகு சாவை மட்டும் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன். ஓசூர் இன்னும் எத்தனை மைல் என்று திருப்பிக் கேட்டார்.

ஓசூர் தாண்டிப் பன்னிரண்டு மைல் சொச்சத்தில் உத்தனப்பள்ளி. அங்கே ஒப்பாரி கேட்டது. ஆண்கள் ஓர் உருவத்தைக் காலில் கயிறு கட்டி இழுத்து வர, பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். சில்வியோ தொப்பியைக் கழற்றினார். கேமராவை மூடி, வண்டியை எடுக்கச் சொன்னார்.

“அது பிணமில்லை ஐயா, வைக்கோல் பொம்மை” என்றேன். மழை பொய்த்தால் கொடும்பாவி என்று பொம்மை கட்டி, தெருத்தெருவாக இழுத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். ஊர்ப் பாவம் அதோடு போய் மழை வரும் என்பது நம்பிக்கை. அவர் விடவில்லை. யாரும் சாகவில்லை என்றால் கண்ணீர் எப்படி நிஜமாக வருகிறது என்று கேட்டார். ஒப்பாரியை முன்னெடுத்துப் பாடிய முனியம்மா என்ற பெண்ணிடமே கேட்டேன்.

“பொம்மைக்கு யாரு சாமி அழுவறது? அவங்கவங்க வூட்டுல போனவங்கள நெனச்சிக்கிறோம். எனக்கு எங்கண்ணன். இவளுக்கு இவ புள்ள.” பிறகு கேமராவைக் காட்டினாள். “அதுல புடிக்கச் சொல்லு. ரெண்டு வருசமா மழையில்ல. இந்த வாட்டியும் பெய்யலன்னா வூட்டப் பூட்டிக்கினு கோலாருக்குக் கூலிக்குப் போவணும். அப்பறம் நாங்க இங்க இருந்தோம்னு யாருக்குத் தெரியும்?”

முன்னும் பின்னுமாக மொழிபெயர்த்தேன். அண்ணன் என்பதை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு சட்டென்று கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒருவரையும் நிற்கச் சொல்லவில்லை, திரும்பச் செய்யச் சொல்லவில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே எடுத்தார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

எல்லையில் பொம்மைக்குத் தீ வைத்தார்கள். கேமரா ஓடும் சத்தம் நின்றது. பார்த்தால், அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“தொரை என்னாத்துக்கு அழுவறாரு?” என்றாள் முனியம்மா.

கேட்டேன். துண்டு துண்டாகச் சொன்னார். அந்தச் செய்திப்படத்தில் போனது அவருடைய தம்பியின் சவம். கண் கேமராவிலேயே இருந்ததால் அன்று அழவில்லையாம். காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் கை குலுக்கினார்களாம். அதை முனியம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

முனியம்மா தீயைத் திரும்பிப் பார்த்தாள். “நெருப்பு இன்னும் அணையல. வந்து அழுவச் சொல்லு.”

அவர் கேமராவைப் புழுதியிலேயே வைத்துவிட்டுப் போனார். பெண்கள் விலகி இடம் விட்டார்கள். தம்பி பெயரைக் கேட்டு, வாயில் நுழையாத அந்தப் பெயரை எப்படியோ ஒப்பாரிக்குள் சேர்த்துவிட்டாள் முனியம்மா. நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் முழித்தேன்.

மழை பெய்ததா, அவள் கோலாருக்குப் போனாளா, தெரியாது. மாலையே நாங்கள் கிருஷ்ணகிரி போய்விட்டோம்.

போகிறவர்களுக்கு: ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி இருபது கிலோமீட்டர்போல வரும், பஸ் உண்டு. வெயிலுக்கு முன் கிளம்புங்கள். வழியில் சடங்கு ஏதாவது எதிர்ப்பட்டால், ஃபோனை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த அணைப் படத்தைப் பிற்பாடு பார்த்தேன். திரை முழுக்க முனியம்மாவின் முகம் வருகிறது. தீ பற்றியதுமே காட்சி வெட்டுப்பட்டு அணைக்குத் தாவிவிடுகிறது. நல்ல இடத்தில் விட்டுவிட்டாரே என்று பக்கத்து இருக்கைக்காரர் குறைப்பட்டார். அந்த நேரம் கேமராவுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.