கடைசியில் நின்ற பச்சை மனிதர்

பரசுராமன் 1966-ஆம் ஆண்டு கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், நெல்லும், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தார். மின்மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் தொழிலைக் கற்று, வேங்கிக்காலில் கடை வைத்தார். 1991 ஆவணியில் ராணியம்மாளை மணந்தார். ஒரே மகள், அன்புச்செல்வி. இவை அனைத்துக்கும் சான்று உண்டு.

சான்றில்லாத செய்தி ஒன்றுதான். ‘விண்கலம் நாற்பத்தொன்று’ என்ற தொலைக்காட்சித் தொடரில் தாம் வேற்றுக்கிரகவாசியாக நடித்ததாக அவர் சொல்லிவந்தார். 1990-இல் பதின்மூன்று வாரம் ஒளிபரப்பான அத்தொடரின் ஒரு பகுதி, அண்ணாமலையார் மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையை ஒட்டிய பாறைக்காட்டில் படமாக்கப்பட்டது. அதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேற்றுக்கிரகவாசிகள் ஐவருக்கும் முகமூடி; பெயர்ப்பட்டியலில் அவர்கள் ‘மற்றும் பலர்’. அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது அவருடைய ஊரில் மின்வெட்டு வேறு.

திருமணமான முதல் வாரமே அவர் இதை மனைவியிடம் சொன்னார். ராணியம்மாள் சிரித்தார், பிறந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னார், அங்கும் சிரித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, ராணியம்மாளின் தம்பி குமரேசனுக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் தகராறு வந்தது. பழைய வரப்பு எங்கே இருந்தது என்று பரசுராமன் ஊரார் முன் காட்டினார். அது குமரேசனுக்குப் பாதகமான இடம்.

“மாமா, இது பூமியில இருந்த வரப்பா, மேல இருந்த வரப்பா?” என்று குமரேசன் கேட்டார்.

கூட்டம் சிரித்தது. பரசுராமனின் சொல் எடுபடவில்லை. அதன்பின் அவர் யாருக்கும், எதற்கும் சாட்சி சொல்லப் போனதில்லை.

2025 புரட்டாசியில், யாரோ பழைய வீடியோ கேசட்டிலிருந்து அந்தத் தொடரை யூடியூபில் ஏற்றியிருந்ததை அன்புச்செல்வி கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு பிற்பகல் குடும்பத்தார் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தோம். குமரேசனும் வந்திருந்தார்.

தொடர் மலிவாக எடுக்கப்பட்டது. விண்கலத்தின் கதவைச் சாத்தினால் தெர்மாகோல் சுவரும் சேர்ந்து ஆடுகிறது. கலம் பறக்கும்போது நைலான் கயிறு தெரிகிறது. தளபதி கையிலுள்ள கருவி, டிரான்சிஸ்டரின் முன்பக்கம். உயிரினமே இல்லாத கிரகத்தின் குறுக்கே ஒரு வெள்ளாடு நிதானமாக நடந்து போகிறது. தளபதி அதைப் பார்த்துவிட்டும் வசனத்தை நிறுத்தவில்லை. ஆயினும், திரும்ப வழியில்லை என்று அவர் பூமிக்குச் செய்தி அனுப்பும் இடத்தில் வசனம் நன்றாக எழுதப்பட்டிருந்தது.

ஒன்பதாம் பகுதியில் பச்சை மனிதர்கள் வந்தார்கள். சாயம் பூசிய சாக்கு, கண்ணுக்கு சைக்கிள் ரிஃப்ளெக்டர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஈட்டி.

“இன்னாங்க, இதுல நீங்க எது?” என்றார் ராணியம்மாள்.

“கடைசியில நிக்கறது.”

“அஞ்சும் ஒரே சாக்குதானே. இன்னா அடையாளம்?”

“அந்தச் சாக்குல அரிப்பு ஜாஸ்தி. இன்னும் ஞாபகம் இருக்குது.”

“அரிப்பு டிவில தெரியாது மாமா,” என்றார் குமரேசன்.

திரையில் ஐவரும் தளபதியைச் சூழ்ந்துகொண்டு திரும்பினார்கள். அப்போது மேகம் விலகி மலையுச்சி தெரிந்தது. வேற்றுக்கிரகவாசிகள் ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“அப்பா, அந்த கிரகத்துலயும் அண்ணாமலையாரா!” அன்புச்செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பாத்தா கை தானா போவுது. மறுபடி எடுக்க ஃபிலிம் கம்மின்னு டைரக்டர் அப்படியே வெச்சிட்டாரு.”

“அஞ்சு பேரும் நம்ம ஊருக்காரங்க, ஒத்துக்கறேன். அதுல நீங்க இருக்கீங்கன்னு யாரு சொன்னது?” என்றார் குமரேசன்.

பரசுராமன் தொடரை நிறுத்திவிட ரிமோட்டுக்குக் கை நீட்டினார். ராணியம்மாள் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இருங்க. செல்வி, கொஞ்சம் பின்னால போய்ப் போடு.”

முதல்முறை சிரிப்பில் யாரும் ஓரத்தைக் கவனிக்கவில்லை. நால்வர் பூட்ஸோடுதான் கும்பிட்டார்கள். கடைசியில் நின்றவர் ஈட்டியை ஊன்றி, ஒற்றைக்காலில் தள்ளாடி, இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். அதன்பிறகே மலையை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பஸ் ஸ்டாண்டுல செருப்பைக் கழட்டி வெச்சிட்டு மலையைக் கும்புடறேன்னு நின்னு, எத்தினி பஸ்ஸை உட்டிருக்காரு!” என்றார் ராணியம்மாள். “குமரேசா, உன் கல்யாணத்துக்கே தாலி கட்டினப்புறந்தான் வந்து சேந்தோம். இது இவருதான்டா. வேற எவன் கழட்டுவான்?”

குமரேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாமாதான்,” என்றார்.

“அந்த வரப்பும் நான் சொன்ன எடத்துலதான் இருந்துச்சி,” என்றார் பரசுராமன்.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அன்புச்செல்வி பத்தாம் பகுதியைப் போட்டார்.

எனவே, பரசுராமன் தொலைக்காட்சித் தொடரில் நடித்தார் என்பது குடும்ப வரலாற்றில் சேர்க்கப்படுகிறது. சாட்சி, அவருடைய மனைவி. பரசுராமன் முதலில் சொன்னதற்கும் அது ஏற்கப்பட்டதற்கும் இடையே, முப்பத்து நான்கு ஆண்டுகள்.