எருக்குவியலில் ஊற்றிய மருந்து

தெருவில் அவளுக்குப் பூஞ்சைக்காரி என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரி வாரம் ஒருமுறையாவது வம்பிழுப்பாள்: "எங்க வீட்டு ரொட்டி பூத்துப்போச்சு. உனக்கு எடுத்து வைக்கவா?"

"வைங்கக்கா. ரெண்டு நாள் போனா இன்னும் நல்லா பூக்கும்."

கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியவள். கழுவிக்கொண்டே பார்த்துக் கற்றது டிரைக்கோடெர்மா வளர்ப்பு. வேரை அழுகவைக்கும் பூஞ்சைகளை மண்ணுக்குள்ளேயே தாக்கி அழிக்கும் நல்ல பூஞ்சை அது. வேலை போனதும் பின்னறையில் இரண்டு பிரஷர் குக்கர்களை வைத்துத் தானே தொடங்கினாள். வேகவைத்த சோளத்தில் பத்து நாளில் பச்சையாகப் படரும். உலர்த்தி, பொடியாக்கி, பொட்டலம் போடுவாள்.

ஊரில் மருந்துக்காக அமுக்கரா பயிரிடுபவர்கள் இருபத்திரண்டு பேர். அந்த ஆண்டு வேரழுகல் வந்தது. ரசாயனம் தெளித்தால், வேரை வாங்கும் கம்பெனி பரிசோதித்துத் திருப்பி அனுப்பிவிடும். எனவே அவளுடைய பொடியை ஒரு வயலில் போட்டுப் பார்க்க அவர்களுடைய சங்கம் ஒப்புக்கொண்டது. பலித்தால் எல்லோரும் வாங்குவார்கள். பலிக்காவிட்டால் அவள் அறையை மூட வேண்டியதுதான். வயல் அவளுடைய அண்ணனுடையது.

பொடியை மட்கிய எருவில் கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி, நிழலில் பதினைந்து நாள் வைக்கச் சொன்னாள். அண்ணன் வைத்தார், பிறகு வயலில் போட்டார். ஒரு மாதத்தில் பாதிச் செடி வாடிச் சாய்ந்தது.

சங்கக் கூட்டத்தன்று காலை அவள் அண்ணனின் வயலுக்குப் போனாள். கொட்டகை மூலையில் கிடந்த அதே சாக்கு முழுக்க நீலக் கறை. பக்கத்தில் பூஞ்சைக்கொல்லி டப்பா, காலி.

"அண்ணா, இது என்ன?"

"அதுவா? பத்தாம் நாள் தூக்கிப் பார்த்தேன். எரு பூரா வெள்ளையும் பச்சையுமா பூசணம். கெட்டுப்போச்சேன்னு மருந்து கலக்கி ஊத்தினேன். உன் நல்லதுக்குத்தான்."

"அந்தப் பூசணம்தான் நான் குடுத்ததே. அது தலையிலயே விஷத்தை ஊத்தியிருக்கே."

"சரி விடு. கூட்டத்துல சொல்லிடாதே. கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேர் ஒண்ணுகூடப் போகாது."

"பொடி வேலை செய்யலைன்னு தலைவர்கிட்ட சொன்னியே, அப்ப மட்டும் வாய் கூசலையா?"

அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் அதைத் தலைவரின் மேசைமீது விரித்து, நடந்ததைச் சொன்னாள்.

"இது உங்க வீட்டுச் சண்டைம்மா" என்றார் தலைவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க. அழுகுறது உங்க வேர்தான், என்னோடது இல்லை."

பின்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள். "அவ சொல்றது நிஜம். நான்தான் தண்ணி மொண்டு குடுத்தேன். இவர் ஊத்தினார்."

அண்ணன் தரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறொரு வயலில் மறுபடி பார்க்கலாம் என்றார். அவளுக்குக் கோபம் தணியவில்லை.

"குவியல் என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கும். கொல்லைக் கதவைப் பூட்டி சாவி நான் வச்சுப்பேன். பதினஞ்சு நாளைக்கு ஒருத்தரும் சாக்கைத் தொடக் கூடாது."

"எங்களை நம்ப மாட்டியா?" என்றார் தலைவர்.

"மாட்டேன்."

தலைவர் இரண்டு முறை கூட்டத்தைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

வாசலில் அண்ணன் வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தார். அண்ணி தனியாகத் தள்ளி நின்றாள். "ஏறு, வீட்ல விடறேன்."

"முதல்ல அண்ணியை ஏத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.