சூசையண்ணன் முதுகு

மலாயாவில் செமோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சூசையண்ணன் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய், வருஷக்கணக்கில் குண்டுப் பெட்டி சுமந்தவர். எங்களோடு ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தபோதே முதுகு வில்லாய் வளைந்திருந்தது. ஆனால் உடம்பில் குண்டு பட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை. அதனால் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி கத்துவார்: "நடிக்காதடா! நிமிர்ந்து நில்லு!" நாங்கள் எல்லோரும் சிரிப்போம். என் சிரிப்புதான் பலமாகக் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். பெட்டிக்குள் கிடத்தினோம். முதுகு படியவே இல்லை. தலையும் தோளும் மேலே தூக்கிக்கொண்டு நின்றதால் மூடி பொருந்தவில்லை. நான் குனிந்து இரண்டு தோளிலும் கைவைத்து அழுத்தினேன்.

அதுவரை அழாமல் நின்ற அவர் மனைவி மரியக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுத்தாதீங்க தம்பி. அவருக்கு வலிக்கும்."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். மூடியில்லாமலே, வெள்ளைத்துணி போர்த்தி அவரை அடக்கம் செய்தோம்.

உயிரோடு இருந்தவரை அந்த உடம்பைத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் முதல்முதலாகத் தொட்டதும் அதை நிமிர்த்தத்தான்.