கட்டிலின் சுவர்ப்பக்கம்

அவர் போன அன்று, எங்கள் வழக்கப்படி, அவர் படுத்திருந்த மெத்தையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டுபோய் ஏரிக்கரைப் பக்கம் போட்டுவிட்டார்கள். அது இலவம்பஞ்சு மெத்தை. இரண்டு பேர் படுக்கிற மெத்தை. அதில் பாதி என்னுடையது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். மாசி மாதம், தரை சில்லென்று இருந்தது.

காரியம் முடிந்ததும் என் மகன் தாம்பரத்தில் ஒரு கடையில் ஃபோம் மெத்தை வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தான். எனக்கு முட்டி வலி, தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அவனுக்குக் கவலை. மெத்தை கெட்டியான பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. மருமகள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏய், கிழிக்காத. தூசி ஏறாது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்றான் மகன்.

“அப்படியே உங்க அப்பாதான் நீங்க” என்று சொல்லிவிட்டு அவள் கவரின் மேலேயே பெட்ஷீட்டை விரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். டிவி ரிமோட்டின் கவரை அவர் கழற்ற விட்டதில்லை. பிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டின தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. அவருடைய ஸ்கூட்டர் சீட்டில் இருந்த பிளாஸ்டிக், அதுவாகக் கிழிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, ஒருநாள் அதுவாகவே பறந்து போயிற்று. எங்கள் வீட்டில் புதுப் பொருளின் கவரை யாரும் எடுப்பதில்லை. எடுக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

கட்டில் மேற்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. நான் சுவர்ப்பக்கம் படுப்பேன், அவர் வெளிப்பக்கம். ராத்திரியில் அவர் பாத்ரூமுக்கு எழுந்திருப்பார், அதனால் அப்படி. சீலிங் பேனும் அவர் பக்கத்துக்கு நேர் மேலேதான் இருக்கிறது. நான் எழுந்திருக்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டக் கூடாது என்று கால்மாட்டு வழியாக நகர்ந்து நகர்ந்து இறங்குவேன். அவர் போன பிறகும் அங்கேயே படுத்தேன், அப்படியே இறங்கினேன். யோசித்து ஒன்றும் செய்யவில்லை.

சித்திரை வந்தது. சுவர் பகலெல்லாம் வாங்கிவைத்த வெயிலை ராத்திரி என் மேல் விட்டது. அடியிலே பிளாஸ்டிக். படுத்த கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சூடு. புரண்டால் சரசரவென்று சத்தம். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, விடியட்டும் என்று கிடப்பேன்.

அவருக்காக நான் சரியாக அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் வரும் என்று நினைத்தேன். அப்புறமும் வரவில்லை. வேர்வைதான் வந்தது.

காலையில் மருமகள் கேட்பாள். “தூங்கினீங்களா அத்தை?”

“தூங்கினேன்மா.”

“கண்ணெல்லாம் செவந்து கெடக்கே. எங்க ரூம்ல ஏசி இருக்கு, அங்க வந்து படுங்களேன்.”

“வேணாம்மா.”

புருஷன் பெண்டாட்டி படுக்கிற அறையில் நான் எப்படிப் போய்ப் படுப்பது? அதற்கு மேல் அவளும் கேட்கமாட்டாள். ஆனால் போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். “மாமா போனதுலேர்ந்து அத்தைக்குத் தூக்கமே இல்ல. வெளியே காட்டிக்க மாட்றாங்க. எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக்கிறாங்க.”

சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே ஒன்றுமில்லை, புழுக்கம்தான் என்று எப்படிச் சொல்வது? புருஷன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, இவளுக்கு வேர்க்கிறதாம் என்று நினைத்துவிட்டால்? மருமகள் நினைத்தாலும் போகட்டும். அவருடைய தங்கை அஸ்தினாபுரத்தில் இருக்கிறாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அவள் காதுக்கு இது போகக் கூடாது என்பதுதான் என் பயம்.

கடைசியில் மருமகள் அவளுக்கே போன் செய்து, அமாவாசைப் படையலுக்கு வரும்போது அத்தையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

அமாவாசையன்று வாசலிலேயே அவள் குரல் கேட்டது. “இன்னா அண்ணி, பாதியா எளச்சிட்ட?”

“வாம்மா” என்றேன்.

படையல் போட்டோம். காக்கைக்கு வைத்தோம். “பாரு, மொதல்ல வடையத்தான் தூக்குது. எங்கண்ணனே வந்துகீது” என்றாள். மருமகள் சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனாள். “வா அண்ணி, செத்த சாயலாம். நான் பக்கத்துல கீறேன், நீ நல்லா தூங்கு.”

நான் சுவர்ப்பக்கம் போனேன். அவள் அண்ணன் இடத்தில் படுத்தாள். படுத்ததும், “இன்னாது, அப்பளம் நொறுங்கற மாறி சத்தம் வருது?” என்றாள். பேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயய்யே, முதுகு தொப்பலா நனஞ்சிபோச்சி! தோசக்கல்லு மாறி கீது. இதுல எப்படி அண்ணி படுக்கற?” பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தாள். “கவரோடவா? ஏம்மா மருமவளே, இங்க வா!”

மருமகள் வந்து நின்றாள். “அவருதான் கிழிக்க வேணாம்னாரு.”

“அவன் சொன்னானாம், இவ கேட்டாளாம். மாமியா தூங்கல, தூங்கலன்னு போன் மேல போன் போட்டியே. இதுல போட்டா பொணம்கூட எழுந்து ஒக்காந்துக்கும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “நீ ஏன் அண்ணி வாயத் தொறக்கல?”

“எப்படிம்மா சொல்றது” என்றேன்.

“வேர்த்தா வேர்க்குதுன்னு சொல்லணும். எங்கண்ணனா இருந்தா மொத நாளே கத்தித் தெருவக் கூட்டிகினு இருக்கும்.”

மெத்தையைத் தூக்கினால்தான் கவரை உருவ முடியும். அவள் முதலில் இறங்கி நின்றாள். நான் இறங்குவதற்காகக் கால்மாட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

“இன்னா அண்ணி, அப்படிச் சுத்திகினு எறங்கற? இந்தப் பக்கம்தான் ஆளே இல்லியே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “அண்ணா, அண்ணா” என்று வாய்விட்டு அழுதாள். நான் கால்மாட்டு வழியாகவே இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். ரவிக்கை ஈரமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவளே கவரைக் கிழிக்கப் போனாள். “கிழிக்காதீங்க, உருவிடலாம், எதுக்காவது ஆவும்” என்று மருமகள் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முழுசாக உருவி, மடித்துப் பரணில் போட்டாள். சாயங்காலம் பஸ்சுக்குக் கிளம்பும்போது நாத்தனார் என்னிடம், “பேனுக்கு நேரா படு அண்ணி. சொவத்தக் கட்டிகினு கெடக்காத” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்ன இடத்தில் படுத்தேன். காற்று நேராக முகத்தில் விழுந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விடிந்து எழுந்தபோது காலைக் கீழே விட்டேன், உடனே தரை வந்தது. கட்டில் அவ்வளவு உயரமில்லை.

“அத்தை இப்ப நல்லா தூங்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா மனசு தேறிக்கிட்டாங்க” என்று மருமகள் போனில் சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தேறுவதற்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் போதுமாக இருந்தது.

சுவர்ப்பக்கம் இப்போது காலியாக இருக்கிறது. துவைத்து மடித்த துணிகளை மருமகள் அங்கே வைக்கிறாள். மேற்குச் சுவரின் சூடு ஏறி, சாயங்காலம் எடுக்கும்போது அவை சூடாக இருக்கின்றன.