ஹாலோ ஆன் என்று ஒருத்தி இல்லை

ஒரு பேன்ட்டின் நீளத்தை ஒன்றரை இன்ச் குறைக்கக் கொடுத்தேன். திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று. காரணம் – ஒரு கொலை.

பதறாதீர்கள். கொலை நடந்தது விக்டோரியா மகாராணி காலத்தில். பேன்ட் மட்டும்தான் இந்த வருடத்தது.

லண்டனில் ஆர்ச்வே ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் பத்மா அக்காவின் ஆல்டரேஷன் கடை இருக்கிறது. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நடுவில் பதினோரு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். நான் இருப்பது ஊரின் மறுபக்கம், ரெய்னர்ஸ் லேனில். அங்கே டெய்லர் கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறார். போன தடவை அவரிடம் கொடுத்த பேன்ட்டை இப்போது அரை டிராயராகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று சனிக்கிழமை காலை. அக்கா என் காலடியில் முழங்காலிட்டுக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். திடீரென்று கடைக் கண்ணாடிக்கு வெளியே இருபது பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் மழைக் கோட்டு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள் – துக்கமாக.

"யாருக்கா இவங்க?"

"கொலை பாக்க வந்தவை. ஒவ்வொரு சனியும் வருவினம். நீங்கள் நேரா நில்லுங்கோ தம்பி."

கூட்டத்தின் முன்னால் குடையோடு நின்றவர் கிரஹாம். ரிடயர்டு பூகோள வாத்தியார். பழைய லண்டன் குற்றங்கள் நடந்த இடங்களுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது அவருடைய வார இறுதி வேலை. கடை இருக்கும் இடம் அந்தக் காலத்தில் ஒரு சந்தின் வாசலாம். கதவு திறந்திருந்ததால் அவர் சொன்னதெல்லாம் எங்களுக்கும் கேட்டது.

ஒரு பெண் இந்த இடத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். அடித்தவன் அகப்படவில்லை. அவள் யார் என்பதும் கடைசிவரை தெரியவில்லை. 'ஹாலோ ஆன்' என்பது மட்டும்தான் ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது. ஹாலோ என்றால் குழிந்தது, உள்ளே ஒன்றுமில்லாதது. குடித்துக் குடித்துக் கன்னம் குழி விழுந்ததால் வந்த பட்டப்பெயர்...

இந்த இடத்தில் கிரஹாம் தன் கன்னங்களை உள்ளே இழுத்துக் காட்டினார். இருபது பேரும் தங்கள் கன்னங்களை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த கொலைக்குப் போய்விட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அவ நிஜப் பேரு என்னவா இருக்கும்க்கா?"

அக்காவின் கை நின்றது. எழுந்து போய் நூல்கண்டு டிராயரைத் திறந்து, மடித்த ஒரு போட்டோகாப்பியை எடுத்துவந்தார். அந்தக் கொலையைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தி. கிரஹாமிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம்.

"உந்தப் பழைய இங்கிலிஸ் எனக்கு ஓடேல்லை. நீங்கள் எழுதுற ஆள்தானே. வாசியுங்கோ."

ஒரு காலில் குண்டூசியோடு நின்றபடி வாசித்துத் தமிழில் சொன்னேன். கிரஹாம் சொன்ன அதே கதைதான். கடைசியில், இடம் மிஞ்சியதால் போட்டது போல நான்கு வரி இருந்தது. அந்த இரண்டு நாளும் ஒரு சிறுமி ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நின்று பிரிஜெட் என்று யாரையோ கேட்டுத் தொந்தரவு செய்தாள். அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, ஜெர்மனியில எனக்கு ஒரு ஒப்பரேசன் நடந்தது. திடீரெண்டு வேலையிடத்தில விழுந்திட்டன். ஆம்புலன்ஸில கொண்டு போட்டினம். என்ர பேப்பரில அப்பாவின்ர பேர் முன்னுக்குக் கிடந்தது – கந்தசாமி பத்மலோஜினி. அவை கந்தசாமிதான் என்ர பேர் எண்டு பதிஞ்சு போட்டினம். எங்கட இவர் வந்து, தன்ர பேரைச் சேர்த்து, பத்மா சிவநேசன் எங்க எண்டு கேட்டிருக்கிறார். அப்பிடி ஒருத்தரும் இல்லையாம்."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் கீழ இருந்தவர். மூண்டாம் நாள் நான் மெதுவா நடந்து கன்டீனுக்குப் போனன். அங்க ஆள் அழுதுகொண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்."

நான் சிரிக்கவில்லை. அக்காவும்தான்.

"அந்தப் பிள்ளை கேட்டது இவவைத்தான்" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரியில பேர் கேட்டிருப்பினம். அரை மயக்கத்தில இவ குடும்பப் பேரைச் சொல்லியிருப்பா. எழுதினவன் தனக்குக் கேட்டதை எழுதிப்போட்டான். ஹாலோ ஆன் பட்டப்பேர் இல்லைத் தம்பி. இவவின்ர குடும்பப் பேரைப் பிச்சு ரெண்டாக்கி வச்சிருக்கினம்."

இதைப் படிக்கும் உங்கள் வீட்டு ரேஷன் கார்டை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். எத்தனை பெயர் சரியாக இருக்கிறது? ஊரில் எங்கள் கார்டில் என் அப்பா எனக்கு மூன்று வயது இளையவர். என் அத்தை ஓர் ஆண். எழுத உட்கார்ந்தவரின் காது எப்படியோ, அப்படித்தான் நம் சரித்திரம். நாம் திட்டிவிட்டுக் கார்டைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். பத்மா அக்கா வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு என்னையும் லைப்ரரிக்கு இழுத்துப் போனார். பழைய சென்சஸ் பதிவுகள் ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. லைப்ரரி கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு மணி நேரம். அக்கா எங்கள் இருவர் பெயரிலும் புக் பண்ணியிருந்தார். என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

எந்தப் பெயரைத் தேடுவது? கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம் அக்கா நேராகப் போய், "ஹாலோ ஆன்... ஹாலோ ஆன்... இது மாதிரி ஒரு குடும்பப் பெயர் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அம்மாள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஹாலோஹன். அயர்லாந்துப் பெயர். என் ஊரில் தெருவுக்கு ஒருத்தர் இருப்பார்கள்."

அக்கா என்னைப் பார்த்தார். கூலிவேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். பிரிஜெட்டும் அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு வைக்கிற பெயர்தான்.

பிரிஜெட் ஹாலோஹன் என்று அடித்தோம். வந்தது. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. ஒரு 'எல்', இரண்டு 'எல்', 'ஓ'வுக்குப் பதில் 'யூ' – பதினான்கு விதமாக எழுதிப் பார்த்தோம். இல்லை. என் ஒரு மணி நேரமும் முடியப் போனது.

"விட்டுரலாம்க்கா."

"இஞ்சத்தை ஆக்கள் 'எச்'சை முழுங்கிறவை" என்றார் அக்கா, என்னைக் கவனிக்காமல். "எங்கட பஸ் டிரைவர் உங்கட பக்கத்து ஹாரோவை ஆரோ எண்டுதானே சொல்லுறான். எழுதப்படிக்கத் தெரியாத வீட்டில கணக்கெடுக்கிறவன்தான் கேட்டு எழுதியிருப்பான். முதல் 'எச்'சை எடுத்துப்போட்டு அடியுங்கோ."

அடித்தேன்.

ஆலோஹன், பிரிஜெட். விதவை. துணி துவைப்பவர். பிறந்த இடம் அயர்லாந்து. மகள் ஹொனோரா, வயது மூன்று. முகவரி – அதே சந்து.

பத்து வருடம் கழித்து எடுத்த அடுத்த கணக்கில் அந்தச் சந்தில் இருவரும் இல்லை. கொலை நடந்தது இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்.

ஆனாலும் பத்தி எழுதுகிறவனுக்குச் சந்தேகப்படுவது ஒரு தொழில். "இது வேற பிரிஜெட்டா இருந்தா? பாதிப் பேருக்கு அந்தப் பேருதான்."

"ஓம். அதுவும் சரி" என்றார் அக்கா. "அந்தப் பிள்ளை எங்க போச்சுது எண்டு பாக்க வேணும். தாய் இல்லாத பிள்ளையை எங்க கொண்டு போவினம்?"

அந்தக் காலத்தில் கதியற்றவர்களை வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதியில் சேர்ப்பார்கள். சேர்ந்தவர்களின் பதிவேடுகளை ஓர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். அக்கா கடைக் கதவில் 'குடும்ப விஷயம்' என்று எழுதி ஒட்டினார்.

காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அக்காவின் கோட்டுப் பையில் தையல் சாக்கட்டி மூன்று இருந்தது. வாசலில் இருந்த இளைஞர் அவற்றை ஆயுதம் போல வாங்கி ஒரு டப்பாவில் வைத்தார்.

நான்கு பெரிய புத்தகங்கள். மூன்றாவதில், மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்தாள்.

ஹொனோரா. வயது ஏழு. தாய் பிரிஜெட், துணி துவைப்பவர். குறிப்பு என்ற இடத்தில் சின்ன எழுத்தில் – தாய் காயங்களால் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆஸ்பத்திரியின் பெயரும் இருந்தது. பத்திரிகைச் செய்தியில் உள்ள அதே ஆஸ்பத்திரி. சிறுமியைச் சேர்த்த தேதி, கொலைச் செய்தி வந்த வாரத்துக்கு அடுத்த வாரம்.

அக்கா அந்த வரியின் மேல் விரலை வைக்கப் போனார். தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசியா ஆரோ அந்தப் பிள்ளைக்குத் தாயின்ர சேதியைச் சொல்லியிருக்கினம்" என்றார். "அது போதும்."

அதன் பிறகும் தேடினோம். ஹொனோரா இன்னொரு கணக்கெடுப்பில் லண்டனுக்குத் தெற்கே சட்டனில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறாள். அதற்கடுத்ததில் இல்லை. செத்துப் போயிருக்கலாம். கல்யாணம் ஆகிக் கணவன் பெயருக்குள் போய் மறைந்திருக்கலாம். எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். கிடைக்கவில்லை.

கிரஹாமிடம் யார் சொல்வது? சனிக்கிழமை கூட்டம் வருமுன்பே அவரைக் கடைக்குள் அழைத்து, அக்கா காகிதங்களை வெட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினார். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"அவள் குடிப்பாள் என்று எதில் இருக்கிறது?" என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

"எதிலும் இல்லை" என்றார் கிரஹாம். கொஞ்சம் பொறுத்து, "கன்னத்தைக் காட்டினால் ஆட்கள் ரசித்தார்கள்" என்றார். "எத்தனையோ வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன்." குடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கன்னத்தை இழுக்கவில்லை. "இங்கே அடிபட்டவர் பெயர் பிரிஜெட் ஹாலோஹன். துணி துவைத்துப் பிழைத்தவர். ஏழு வயது மகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தேடினாள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர் ரத்தம் எங்கே கிடந்தது என்று கேட்டார். கிரஹாம் அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்தார். அச்சடித்த நோட்டீஸ்களில் இன்னும் பழைய பெயர்தான். இப்போது ஒவ்வொன்றாகக் கையால் அடித்துத் திருத்திக் கொடுக்கிறார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை அக்கா போன் பண்ணினார். பேன்ட் ரெடி. அதோடு, கோயிலுக்கு வர ஏலுமா என்று கேட்டார். பிரிஜெட்டுக்கு ஒரு மோட்ச அர்ச்சனை செய்ய வேண்டுமாம்.

"அவங்க கிறிஸ்டியன் இல்லையாக்கா?"

"சேர்ச்சிலயும் ஒரு பூசைக்குச் சொல்லிப்போட்டன். ரெண்டு இடத்திலயும் பதிவு இருக்கட்டும்."

போனேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "பேர்?"

"பிரிஜெட்."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. சென்சஸில அதுக்கு இடம் விடேல்லை."

ஐயர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. மேளச் சத்தம் வேறு. அவர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். நடுவில் பெயர் வந்தது – 'பிரகதி' என்று.

அக்கா கூப்பிய கையை எடுத்துவிட்டு, ஹேண்ட்பேக்கைத் திறந்து பென்சிலைத் தேடினார்.

"ஐயா, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கோ. எழுதித் தாறன்."

ஐயர் நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.